குதிரையின் மார்பில் பூசணம்

ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்தால் வழித்து எறிந்துவிடுகிறீர்கள். அதுவே ஒரு குதிரையின் நுரையீரலில் பூத்துவிட்டால்?

அமெரிக்காவில் அரிஸோனா, கலிபோர்னியா பகுதிகளின் வறண்ட மண்ணில் 'காக்ஸிடியாய்டிஸ்' என்றொரு காளான் குடியிருக்கிறது. புழுதி கிளம்பினால் அதன் நுண்ணிய வித்துக்களும் சேர்ந்து பறக்கும். மூச்சோடு உள்ளே போனாலும் பெரும்பாலும் தொந்தரவில்லை. சில குதிரைகளுக்குத்தான் விபரீதம்: காய்ச்சல், இருமல், நாளுக்கு நாள் மெலிவு. நிமோனியாதானே என்று பென்சிலின் போட்டால் கேட்காது. எக்ஸ்ரே எடுத்து, காளானை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் 'ஆன்டிபாடி' ரத்தத்தில் எவ்வளவு என்று அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முன்பெல்லாம் இப்படி நுரையீரல் கெட்ட குதிரை பிழைப்பது அபூர்வம். 'புளுகோனஸோல்' மருந்தால் இரண்டு குதிரைகள் தேறிய விவரத்தை 2006-ல் மிருக வைத்தியர்கள் வெளியிட்டார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள்! கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், 500 கிலோ குதிரைக்குத் தினம் 2,500 மில்லிகிராம். நாம் விழுங்கும் 200 மில்லிகிராம் மாத்திரையில் பன்னிரண்டரை! அதைப் பொடித்துத் தீனியில் கலந்து, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். (நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மாத்திரை கொடுப்பதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிடுகிறது.) இருமல் நின்றுவிட்டதே என்று நடுவில் நிறுத்தவும் கூடாது; ரத்தத்தில் அந்த அளவு இறங்குகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.