திரைமாற்ற அசைவூட்டமும் யாப்புத் தொடர்ச்சியும்: உள்ளது நாற்பதை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செயலிகளில் ஒரு திரையிலிருந்து மறு திரைக்குச் செல்லும்போது நிகழும் அசைவைத் தேவைக்கேற்ப வடிவமைக்க இயலும். செய்யுள் நூல்களுக்கான செயலியில் அவ்வடிவமைப்பை நூலின் யாப்பே தீர்மானிக்க வேண்டும் என்பதை, வெண்பாவாகவும் கலிவெண்பாவாகவும் வழங்கும் உள்ளது நாற்பது வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திரைமாற்றம், அசைவூட்டம், வெண்பா, கலிவெண்பா, பாராயணம்

முன்னுரை

கைப்பேசியில் ஒரு திரை மறைந்து மற்றொன்று தோன்ற எடுக்கும் நேரம் பெரும்பாலும் அரை நொடிக்கும் குறைவே. ஆயினும் முன் திரைக்கும் பின் திரைக்கும் உள்ள உறவைப் பயனர் உணர்வது அந்நேரத்தில்தான். பக்கவாட்டில் நகர்ந்து வரும் திரை ‘அடுத்தது’ என்னும் உணர்வைத் தருகிறது. மங்கி மலரும் திரை ‘வேறொன்று’ என்னும் உணர்வைத் தருகிறது. பொதுப் பயன்பாட்டிற்கென வகுக்கப்பட்ட இயல்பிருப்பு அசைவுகளைச் செய்யுள் நூல்களுக்கும் அப்படியே கையாண்டால், பாடல்களின் தொடர்பு மறைந்துபோக வாய்ப்புண்டு.

நூலின் இரு வடிவங்கள்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் அமைந்துள்ள ரமணாசிரமத்தில் மாலை வேளைகளில் தமிழ்ப் பாராயணம் நடைபெறுகிறது. அதில் இடம்பெறும் உள்ளது நாற்பது, முருகனாரின் வேண்டுகோளை ஏற்று ரமண மகரிஷி 1928ஆம் ஆண்டில் இயற்றிய நூலாகும். மங்கலம் இரண்டு, நூல் நாற்பது என 42 வெண்பாக்களைக் கொண்டது. பின்னர் இவற்றை இணைத்து ஒரே கலிவெண்பாவாகவும் அவர் அமைத்தார்.

நேரிசை வெண்பாவின் முதல் மூன்றடிகள் நாற்சீரடிகள், ஈற்றடி முச்சீரடி. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றைப் பெறும். இக்குறுக்கமே பாடல் முடிந்ததைச் செவிக்கு உணர்த்துகிறது. கலிவெண்பாவாக்கும்போது ரமணர் ஈற்றடியின் மூன்றாம் சீரை நீட்டி, நான்காம் சீர் ஒன்றையும் சேர்த்தார். முடிவாக இருந்த இடம் இணைப்பாயிற்று. ஓதுவோர் ஒரு வெண்பாவிலிருந்து அடுத்ததற்குத் தடையின்றிச் செல்லவும், பாடல்களின் வரிசையை நினைவிற் கொள்ளவும் இவ்விணைப்பு துணைசெய்கிறது. இறுதி வெண்பா மட்டும் முச்சீரடியுடன் நூலை முடிக்கிறது.

திரைமாற்றத்தின் கூறுகள்

திரைமாற்றத்தை வடிவமைப்போர் நான்கினை வரையறுக்க வேண்டும்: எப்பண்பு மாறுகிறது (இடம், அளவு, ஒளிபுகுமை), எவ்வளவு நேரத்தில் மாறுகிறது, வேகம் எவ்வாறு கூடிக் குறைகிறது, திரும்பி வருகையில் என்ன நிகழ்கிறது. ஆண்ட்ராய்டின் ‘ஃபிராக்மென்ட்’ அமைப்பு நுழைவு, வெளியேற்றம், மீள்நுழைவு, மீள்வெளியேற்றம் என நான்கு அசைவுகளையும் தனித்தனியே குறிக்க இடந்தருகிறது. ஃபிளட்டரில் ‘பேஜ் ரூட் பில்டர்’ என்னும் வகுப்பு இப்பணியைச் செய்கிறது. அதன் இயல்பிருப்புக் கால அளவு 300 மில்லிநொடி. அது இரண்டு அசைவு மதிப்புகளை வழங்குகிறது. ஒன்று, திரை தான் நுழையும்போது இயங்குவது. மற்றொன்று, தன்மேல் வேறொரு திரை வரும்போது இயங்குவது. இரண்டையும் ஒருங்கே கையாண்டால்தான் வருவதும் போவதும் ஒரே நிகழ்வாகத் தோன்றும். முதல் மதிப்பை மட்டும் பயன்படுத்தினால் பழைய திரை அசையாது நிற்க, புதியது அதனை மூடுவதாகவே காட்சியளிக்கும்.

யாப்பிற்கேற்ற தேர்வு

வெண்பா வடிவைத் தனித்தனியே கற்போருக்கு மங்கி மலரும் மாற்றம் பொருந்தும். ஒவ்வொரு பாடலும் தன்னளவில் முடிந்து நிற்கும். கலிவெண்பா வடிவிற்கு இது பொருந்தாது. அங்கு முன் திரையின் ஈற்றிலுள்ள இணைப்புச்சீர் மட்டும் மறையாது நகர்ந்து, அடுத்த திரையின் தலைப்பில் அமர வேண்டும். இரு திரைகளிலும் ஒரே அடையாளக் குறியைப் பெற்ற உறுப்பை இடம்பெயர்த்துக் காட்டும் வசதி ஃபிளட்டரில் ‘ஹீரோ’ என வழங்கப்படுகிறது. 2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பிலும் இத்தகைய பகிர்வுறுப்பு மாற்றம் இடம்பெற்றது.

இங்குப் பதிப்பியல் நோக்கில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இணைப்புச்சீர் இரு திரைகளிலும் ஒரே அழுத்தத்துடன் அச்சானால், அச்சீர் இருமுறை வருவதாகவும் நூல் அந்தாதி என்றும் படிப்போர் மயங்கக்கூடும். கலிவெண்பாவில் அச்சீர் ஒருமுறையே வருகிறது. ஆதலின் இரண்டாம் திரையில் அது மங்கிய நிறத்தில், முன்பாடலின் எச்சமாகவே காட்டப்பெற வேண்டும். அசைவு அழகிற்காகப் பாடவேறுபாடு ஒன்று உருவாகிவிடலாகாது.

108 கண்ணிகளை உடைய அட்சரமணமாலையின் நிலை வேறு. கண்ணிகளின் முதலெழுத்துகள் அகரவரிசையில் அமைந்துள்ளமையால், வேண்டிய எழுத்தைத் தொட்டு அங்குத் தாவ இயலும். அடுத்தடுத்த கண்ணிகளுக்கு நகர்வும், தாவலுக்கு மங்கி மலர்தலும் பொருந்தும். தாவலிலும் நகர்வைக் காட்டினால் இடையிலுள்ளவை இல்லாதன போலத் தோன்றும்.

எழுத்தும் அசைவும்

பாடலைச் சிறிது சிறிதாகத் தோன்றச் செய்யும் வழக்கமும் உண்டு. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரக் குறியும் உயிர்க்குறியும் சேர்ந்த வரிசை. குறியீட்டு எண் வரிசையில் தோன்றச் செய்தால் முதலில் ‘க’ வந்து பின்னர் ‘கொ’ ஆகும். மெய்யெழுத்துகளும் புள்ளியின்றித் தோன்றிப் பின்னரே புள்ளி பெறும். குறைந்தது முழு எழுத்தையேனும், செய்யுளாயின் சீரையே அலகாகக் கொள்ளுதல் முறையாகும்.

முடிவுரை

அசைவு சிலருக்குத் தலைசுற்றலை உண்டாக்கும். அதனால் ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் அசைவை நீக்கவோ குறைக்கவோ அமைப்புகள் உள்ளன. செயலி அத்தேர்வை மதிக்க வேண்டும். அசைவு நின்ற நிலையிலும் மங்கிய இணைப்புச்சீர் அடுத்த திரையின் தலைப்பில் நிலைத்திருப்பின் தொடர்ச்சி கெடாது. யாப்புத் தொடர்பை அசைவிடம் மட்டும் ஒப்படைக்காது பாடத்தின் அமைப்பிலேயே பதித்தல் வேண்டும். அசைவு அதனைக் கண்ணுக்கு உணர்த்தும் துணையாகவே நிற்றல் வேண்டும். எனவே செய்யுட் செயலிகளின் திரைமாற்றம், நிரலாளரோடு யாப்பறிந்தோரும் இணைந்து முடிவுசெய்ய வேண்டிய பதிப்புப் பணியாகும்.