யாங்கோ பியானோ: ஆறு வரிசைக் கட்டைகளுக்கு என்ன ஆச்சு?

பியானோவில் சி மேஜர் வாசிக்க வெள்ளைக் கட்டைகள் மட்டும் போதும். அதையே அரைக் கட்டை சுருதி ஏத்தி வாசிச்சுப் பாருங்க: ஐந்து கறுப்புக் கட்டைகளும் உள்ளே வந்துடும், விரல் போடும் முறையே மாறிடும். காதுக்கு ரெண்டுமே சங்கராபரணம்தான். கைக்கு மட்டும் புதுப் பாடம்.

இதைச் சரிசெய்ய ஹங்கேரிக்காரரான பால் ஃபான் யாங்கோ 1882-ல் ஒரு விசைப்பலகையை வடிவமைத்தார். ஒரு வரிசையில் சி, டி, இ, எஃப் ஷார்ப் என்று முழுச் சுரம் விட்டு முழுச் சுரமாக ஆறு கட்டைகள்; அடுத்த வரிசையில் மிச்சம் ஆறு. இந்த ஜோடி மூணு முறை படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும், ஆக ஆறு வரிசை. எந்த மேஜர் ஸ்கேலா இருந்தாலும் ஒரு வரிசையில் மூணு, பக்கத்து வரிசையில் நாலு. ஒண்ணு பழகினால் பன்னிரண்டும் வந்துவிடும். ஒரு ஆக்டேவின் அகலமும் 16.5 செ.மீ.யிலிருந்து ஏறக்குறைய 13 செ.மீ.யாகச் சுருங்கியது.

வெறும் காகித ஐடியாவாக இது நின்னுடலை. அமெரிக்காவில் டெக்கர் பிரதர்ஸ் இதைத் தயாரித்தது. 1891-ல் நியூயார்க்கில் இதைச் சொல்லித்தரத் தனி இசைப்பள்ளியே வந்தது. அப்புறம் ஏன் நிலைக்கலை?

ஒரு காரணம் பொறியியல். ஒரே நெம்புகோலில் மூணு இடத்தில் விரல் வைக்கலாம். ஆனால் அச்சுக்குக் கிட்டே அழுத்தினால் கூடுதல் பலம் வேணும் (ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தைத் தூக்கப் பார்ப்பது போல). மேல் வரிசைகள் கனத்தன. பழக்கமும் ஒரு தடை: அச்சிட்ட இசைத்தாள்களில் இருக்கும் விரல் எண்கள் எல்லாம் வீண், ஆசிரியரும் முதலிலிருந்து தொடங்கணும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பியானோக்காரர் தன் வாத்தியத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது; அரங்கத்தில் இருப்பதைத்தான் வாசிக்கணும். அக்கார்டியனைப் பாருங்க. ஐந்து வரிசைப் பொத்தான் அக்கார்டியனிலும் எந்தச் சுருதிக்கும் ஒரே விரலமைப்புதான். பியானோக் கட்டை வைத்த அக்கார்டியன் பக்கத்திலேயே இருந்தும் அது இன்றும் பிழைத்திருக்கிறது. அது தோளில் மாட்டிக்கொண்டு போகிற சொந்த வாத்தியம்.

சுருதி மாற்றும் கஷ்டத்துக்குக் குறுக்குவழியும் வந்துவிட்டது. இர்விங் பெர்லின் பெரும்பாலும் எஃப் ஷார்ப்பில் மட்டும்தான் வாசிப்பார். நெம்புகோலால் சுருதி நகர்த்தும் பியானோ ஒன்று வைத்திருந்தார். இன்று எலக்ட்ரானிக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் அதையே செய்கிறது. யாங்கோவின் முக்கிய வாதமே அத்தோடு வலுவிழந்தது.

ஆனால் ஆக்டேவ் அகலம்? சின்னக் கைக்காரர்களுக்கு அது இன்னும் தீராத வலி. ஜோசப் ஹாஃப்மனுக்காக ஸ்டெயின்வே கொஞ்சம் குறுகலான கட்டைகளைச் செய்துகொடுத்தது. இப்போது ஆக்டேவுக்கு ஏறக்குறைய 14 செ.மீ. வரும் விசைப்பலகைகள் கிடைக்கின்றன. கட்டைகளின் வரிசை வழக்கமானதேதான், விரல் எண்களும் மாறாது. கிராண்ட் பியானோவிலிருந்து பழைய விசைப்பலகையை இழுத்தெடுத்துவிட்டு, அந்தப் பியானோவுக்கென்று செய்த குறுகலானதைச் செருகிக்கொள்ளலாம்.