முதல் புல்லாங்குழல்

சித்தூருக்கு அருகிலுள்ள காணிப்பாக்கத்தில் விநாயகர் சதுர்த்தியை ஒட்டிப் பிரம்மோற்சவம் நடைபெறும். திருப்பதியில் கோவிந்தராச சுவாமி கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலோ நாள்தோறும் மக்கள் கூட்டம்தான். இத்தகைய இடங்களில், நீண்ட கழியில் பல குழல்களைச் செருகித் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒன்றை ஊதியவாறே வரும் வணிகரைக் காணலாம். அவர் ஊதும்போது குழல் இனிமையாகப் பாடும். அதையே விலைக்கு வாங்கி வீட்டிற்குக் கொண்டுவந்து ஊதினால், பெரும்பாலும் காற்று மட்டுமே வெளிவரும்.

சில நாள்கள் முயன்று பார்த்த சிறுவர், ‘எனக்கு இசை வராது’ என்று முடிவு செய்து குழலை மூலையில் போட்டுவிடுவர். உண்மையில் குறை அவரிடம் இல்லாமல் குழலிலேயே இருந்திருக்கலாம். விலை குறைந்த குழலெல்லாம் தரம் குறைந்ததன்று. சுருதி தவறிய குழலே தரம் குறைந்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர், சிறு தொகையிலேயே நல்ல குழலைப் பெறலாம்.

தேர்வு ஏன் முதன்மையானது?

வீணையின் தந்தி தளர்ந்தால் முறுக்கிச் சரிசெய்யலாம். மிருதங்கத்தின் வாரைத் தட்டிச் சுருதி சேர்க்கலாம். புல்லாங்குழலுக்கு அவ்வாறு செய்ய இயலாது. துளை எந்த இடத்தில், எந்த அளவில் இடப்பட்டதோ, அதுவே அக்குழலின் சுருதியை உறுதிசெய்துவிடும். தேர்ந்த கலைஞர் உதட்டின் சாய்வாலும் மூச்சின் அளவாலும் சிறு பிழைகளை மறைத்துவிடுவார். புதிதாகக் கற்பவருக்கு அது கைவராது. எனவே, சிறந்த கலைஞரைக் காட்டிலும் தொடக்க மாணவருக்கே சுருதி சுத்தமான குழல் மிகவும் தேவைப்படுகிறது.

குழலின் வகைகள்

கடைகளில் கிடைக்கும் குழல்கள் பல வகையின. நுனியில் வாய் வைத்து ஊதும் ஊதல்குழல் எளிதில் ஒலிக்கும். மேலை நாட்டுத் தகரக்குழலும் இவ்வகையே. 1840களில் இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் என்பவர் தகரத் தகட்டால் இக்குழலைச் செய்து குறைந்த விலைக்கு விற்றார். அயர்லாந்து நாட்டின் நாட்டுப்புற இசையில் இது சிறப்பிடம் பெற்றுள்ளது. அதன் ஆறு துளைகளையும் மூடி, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் வரிசையாக ஒலிக்கும்.

நம் நாட்டுப் புல்லாங்குழல் பக்கவாட்டில் பிடித்து ஊதப்படுவது. வட இந்திய இசைக்குரிய பாஞ்சுரியில் பெரும்பாலும் ஆறு விரல்துளைகள் இருக்கும். உத்தரப்பிரதேசத்திலுள்ள பிலிபித் நகரம் பாஞ்சுரி செய்வதில் புகழ்பெற்றது. அதற்கான மூங்கில் அசாமிலிருந்து வருகிறது. கருநாடக இசைக்குரிய குழலில் எட்டு விரல்துளைகள் உண்டு. கும்பகோணத்தைச் சேர்ந்த சரப சாஸ்திரிகள் (1872–1904) கண்பார்வை இழந்தவராயினும், இக்குழலைக் கச்சேரி மேடையின் தனிக்கருவியாக உயர்த்தினார்.

இரு முறைகளிலும் விரல்வைப்பு வேறுபடும். பாஞ்சுரியில் மூன்று துளைகளை மூடினால் கிடைக்கும் சட்ஜம், கருநாடகக் குழலில் வாய்த்துளைக்கு அடுத்துள்ள இரண்டு துளைகளை மூடினாலே கிடைக்கும். ஆகவே, கருநாடக இசை கற்க விரும்புபவர் முதலில் துளைகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மூங்கிலின் தரம்

சிலப்பதிகாரத்திற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் குழல் செய்யும் முறையை விரிவாகக் கூறுகிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்னும் ஐந்தினாலும் குழல் செய்யலாம் என்றும், அவற்றுள் மூங்கிலே சிறந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். வெட்டிய மூங்கிலை ஓராண்டு நிழலில் இட்டுவைத்து, அது முறுக்காமலும் பிளக்காமலும் இருப்பதை அறிந்த பின்னரே துளையிட வேண்டும் என்பது அவர் கூறும் முறை.

அம்முறையின் பொருத்தம் இன்றும் மாறவில்லை. ஈரம் உலராத மூங்கில் நாளடைவில் சுருங்கும், சுருங்கினால் சுருதி மாறும், வெடிப்பும் விழும். ஆதலால் பச்சை நிறம் மாறாத குழலைத் தவிர்த்தல் நலம். குழலை வெளிச்சத்தில் உருட்டி, நீளவாக்கில் மயிரிழை போன்ற கீறல் உள்ளதா எனக் காண வேண்டும். உட்புறம் வழவழப்பாகவும், துளைகளின் விளிம்பு பிசிறின்றியும் இருத்தல் வேண்டும். வண்ணப்பூச்சும் சரிகை நூலும் குழலின் விலையை உயர்த்தலாம், சுருதியை உயர்த்தா.

பிவிசி குழாயில் செய்த குழல்களும் உள்ளன. துளைகள் சரியாக இடப்பட்டிருந்தால் அவையும் பயிற்சிக்கு ஏற்றவையே. அவை வெயிலில் வெடிப்பதில்லை, விலையும் குறைவு.

கட்டையும் கைவிரலும்

குழலின் சுருதியைக் ‘கட்டை’ என்னும் சொல்லால் குறிப்பர். கட்டை எண் குறைந்தால் குழல் நீண்டு, ஒலி தாழும். எண் கூடினால் குழல் குறுகி, ஒலி உயரும். இரண்டரைக் கட்டைக் குழலில் துளைகள் தள்ளித்தள்ளி இருப்பதால் சிறுவர் விரல்களுக்கு எட்டுவது அரிது. ஐந்து கட்டை அளவிலான குழல் சிறிய கைகளுக்குப் பொருந்தும். விரல் ஒரு துளையை முழுமையாக மூடாவிடினும் காற்றுக் கசிந்து ஒலி கெடும். வாங்குமுன் ஆசிரியரிடம் கட்டை எண்ணைக் கேட்டறிவது மிக நன்று. வகுப்பில் அனைவரும் ஒரே சுருதியில் வாசிக்க அது உதவும்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

முதலில், குழல் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அடுத்து, கைப்பேசியில் தம்புரா ஒலியை அக்குழலின் கட்டையில் வைத்து, சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அவரை ஊதச் செய்தல் வேண்டும். இரண்டும் தம்புராவோடு இழைந்து நின்றால் குழல் நம்பத்தக்கது. பின்னர், ஒரே விரல்நிலையில் மெல்லவும் அழுத்தியும் ஊதச் செய்ய வேண்டும். மெல்ல ஊதினால் மத்திய ஸ்தாயியும், அழுத்தி ஊதினால் தார ஸ்தாயியும் பிசகின்றி ஒலிக்க வேண்டும். இச்சோதனையில் தேறாத குழல் எவ்வளவு அழகாயினும் அதனைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

மொழி ஒரு தடையன்று

திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வேங்கடேசுவரா இசை, நடனக் கல்லூரியில் புல்லாங்குழலும் கற்பிக்கப்படுகிறது. அங்குள்ள ஆசிரியரிடமோ, கடைக்காரரிடமோ பேசத் தமிழ்ச் சிறுவர் தயங்க வேண்டியதில்லை. தெலுங்கில் புல்லாங்குழலை ‘பில்லனக்ரோவி’ என்றும் ‘வேணுவு’ என்றும் கூறுவர். மூங்கிலை ‘வெதுரு’ என்பர். பழந்தமிழிலும் மூங்கிலுக்கு ‘வெதிர்’ என்னும் பெயர் உண்டு. ஒரே மூங்கிலைப் போல, ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் இவை.

நல்ல குழல் கிடைத்த பின்னும் முதல் நாளிலேயே ஒலி வருவதில்லை. உதட்டின் நிலை பழகச் சில நாள்கள், சிலருக்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை குழலை வெயிலில் வைக்காமலும், ஊதியபின் உட்புற ஈரத்தைத் துணியால் துடைத்தும் காக்க வேண்டும். அப்போது ஒலி வரத் தாமதமானாலும் மாணவர் மனம் தளரமாட்டார். குழல் சரியானது என்பதை அவர் அறிவார். இனி வேண்டுவது பயிற்சி ஒன்றே.

சொற்பொருள்

கழி – நீண்ட கோல்
பிசிறு – விளிம்பில் நிற்கும் சிறு நார்
இழைந்து – ஒன்றிக் கலந்து
வெதிர் – மூங்கில்

வினாக்கள்

1. வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் சுருதி சேர்ப்பதில் உள்ள வேறுபாடு யாது?
2. மூங்கிலை ஓராண்டு நிழலில் இட்டுவைப்பது ஏன்?
3. தொடக்க மாணவருக்கே சுருதி சுத்தமான குழல் மிகவும் தேவை என்பதற்குக் காரணம் கூறுக.
4. தமிழிலும் தெலுங்கிலும் ஒத்து ஒலிக்கும் வேறு ஐந்து சொற்களைக் கேட்டறிந்து எழுதுக.