தொப்புள்கொடி ரத்தம்: யாருக்கான சேமிப்பு?

வளைகாப்பு முடிந்த கையோடு பல வீடுகளுக்கு ஒரு போன் வருகிறது. பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள், நாளைக்கு என்ன நோய் வந்தாலும் அதன் ஸ்டெம் செல்லே அதைக் காப்பாற்றும் என்பார்கள். மாதத் தவணையும் உண்டு.

இதில் பாதி உண்மை. தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள், எலும்பு மஜ்ஜையில் இருப்பவற்றைப் போலவே ரத்த அணுக்களைப் புதிதாக உருவாக்கக்கூடியவை. 1988இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியன் குளுக்மன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை வந்த ஒரு சிறுவனுக்கு இதைச் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். உலகிலேயே அதுதான் முதல் முறை. ஆனால், செலுத்தியது அவனுடைய ரத்தமல்ல. அவனுக்குப் பின் பிறந்த தங்கையுடையது.

அவனுடையதையே சேமித்து வைத்திருந்தாலும் பயனிருந்திருக்காது. ஃபான்கோனி பரம்பரை நோய். அந்த மரபணுக் கோளாறு தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும். தலசீமியாவும் அப்படித்தான். குழந்தைகளுக்கு வரும் சில ரத்தப் புற்றுநோய்களில்கூட, முதல் மரபணு மாற்றம் கருப்பையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பூச்சி விழுந்த நெல்லை விதைக்கென்று கோட்டை கட்டி வைத்து என்ன பயன்?

சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. பிரசவ அறையில் இன்னொரு சிக்கல். குழந்தை பிறந்து ஒரு நிமிடமாவது கழித்தே கொடியைக் கட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போய்ச் சேரும் ரத்தம் பின்னாளில் அதற்கு இரும்புச்சத்துக் குறைவு வராமல் தடுக்க உதவும். பை நிறைய வேண்டுமே என்று அவசரப்பட்டால், பறிபோவது பிள்ளைக்குரிய ரத்தம்.

சேமிப்பதில் அர்த்தமுள்ள குடும்பங்களும் உண்டு. மூத்த பிள்ளைக்குத் தலசீமியா இருந்து, அடுத்தது நோயில்லாமல் பிறக்கிறது என்றால் அந்த ரத்தம் பொக்கிஷம்தான். உடன்பிறந்த ஒருவருடையது முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

பொருந்தவில்லை என்றால்? மருத்துவர்கள் பெரும்பாலும் தேடுவது உயிரோடிருக்கும் கொடையாளரை. அங்கேயும் ஒரு வீண்பயம் குறுக்கே நிற்கிறது: முதுகுத்தண்டில் துளை போடுவார்களாம், கைகால் விழுந்துவிடுமாம். மஜ்ஜை வேறு, தண்டுவடம் வேறு. இப்போது பெரும்பாலானோர் சில நாள் ஊசி போட்டுக்கொண்டு, கை ரத்தக்குழாய் வழியாகவே ஸ்டெம் செல் கொடுக்கிறார்கள். கருவி அதை மட்டும் பிரித்தெடுத்து, மீதி ரத்தத்தை உடலுக்கே திருப்பி அனுப்பிவிடும். கொடுத்த செல்கள் சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும்.