அப்பாவுக்கு வாடகை: ரசீது மட்டும் போதாது

ஜனவரி பிறந்தால் செஞ்சியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வாடகை ரசீது எழுதும் வேலை தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே உட்காரலில் பன்னிரண்டு ரசீது. வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. சில ரசீதுகளில் அதையும் மகனே போட்டிருப்பார். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், சென்னைக் கம்பெனிக்கு ஊரிலிருந்தே வேலை பார்க்கும் பொறியாளர் என்று எல்லோரும் செய்கிறார்கள். அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பதாலேயே காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடியவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து வருமான வரித் துறையிலிருந்து மின்னஞ்சல் வரும்போதுதான் அது ஆரம்பிக்கிறது.

பெற்றோருக்கு வாடகை கொடுத்து வரிவிலக்குக் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(13ஏ) பிரிவும் விதி 2ஏயும் உறவினருக்குக் கொடுக்கும் வாடகை செல்லாது என்று எங்கும் சொல்லவில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. ஆனால் பழைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்கள் பழைய எண்களோடுதான் வரும் என்பதால் அவற்றையே இங்கே சொல்கிறேன். நிபந்தனைகள் மூன்றுதான். வாடகை உண்மையாகவே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் நீங்கள் உண்மையாகவே குடியிருக்க வேண்டும். அந்த வீடு உங்களுடையதாக இருக்கக் கூடாது.

சம்பளச் சீட்டில் வீட்டு வாடகைப்படி வருவது வேறு, அதற்கு வரிவிலக்குக் கிடைப்பது வேறு. படி வருகிறது என்பதற்காக விலக்குத் தானாக வந்துவிடாது. மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான் விலக்கு: வாங்கிய படி, கொடுத்த வாடகையிலிருந்து சம்பளத்தில் பத்து சதவீதத்தைக் கழித்தது, சம்பளத்தில் நாற்பது சதவீதம். சென்னை போன்ற பெருநகரத்து வீடாக இருந்தால் கடைசியில் ஐம்பது சதவீதம். அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்பது கணக்கில்லை, வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. கம்பெனி சென்னை சோழிங்கநல்லூரில் இருந்தாலும் குடியிருப்பது செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூரில் என்றால் நாற்பதுதான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்குப் பத்து சதவீதம் 6,000. அவர் அப்பாவுக்குக் கொடுக்கும் வாடகை 5,000 என்றால் விலக்கு பூஜ்யம். 6,000 என்றாலும் பூஜ்யம். 8,000 கொடுத்தால் மாதம் 2,000 வரைதான் விலக்கு. படியே 2,500 ரூபாய்தான் என்றால், வாடகையை 8,500க்கு மேல் எவ்வளவு ஏற்றி எழுதினாலும் ஒரு பைசா கூடுதல் பயனில்லை. மாதம் 80,000 அடிப்படைச் சம்பளம் வாங்கும் பொறியாளருக்கு முதல் 8,000 ரூபாய் வாடகை கணக்கிலேயே வராது. நம் ஊர்ப்பக்கம் ஓட்டு வீட்டுக்கும் மச்சு வீட்டுக்கும் என்ன வாடகை போகும் என்று உங்களுக்கே தெரியும். மேல்சித்தாமூரில் பதினைந்தாயிரம் ரூபாய் வாடகை என்று ரசீது எழுதினால் அதைப் பார்க்கும் அதிகாரி ஊருக்கே வந்து விசாரிக்க வேண்டியதே இல்லை, வரைபடத்தைப் பார்த்தாலே போதும். நேர்மையான கிராமத்து வாடகையில் பெரிய விலக்கு கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவர் உங்களைப் பொய் எழுதச் சொல்கிறார் என்று அர்த்தம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் உங்களைப் புதிய முறையில்தான் சேர்ப்பார்கள். அதில் 2025-26 முதல் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரியில்லை. நிலைக்கழிவு 75,000த்தையும் சேர்த்தால் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் வரை வரி வராது. நம் வட்டாரத்து ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதற்குள் அடங்கிவிடுவார்கள். வரியே இல்லாதவர் எதற்கு ரசீது எழுதுகிறார்? அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே பலருக்கு நினைவில்லை. முதலில் அதைப் பாருங்கள். புதிய முறை என்றால் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பழைய முறைதான் லாபம் என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கு மட்டும் இனி சொல்வது. முதல் சிக்கல் வீடு யார் பேரில் இருக்கிறது என்பதுதான். நம் ஊர்களில் நத்தம் பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கும். தாத்தா போய் இருபது வருடமாகியிருக்கும், வீட்டு வரி ரசீதும் அவர் பேரிலேயே வந்துகொண்டிருக்கும். உயில் எழுதாமல் தாத்தா இறந்திருந்தால் அப்பாவுக்கு மட்டுமல்ல, அத்தைமார்களுக்கும் அதில் பங்குண்டு. அப்பாவும் இல்லை, அம்மாவுக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டுகிறீர்கள் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்த வீட்டில் நீங்களே பங்காளி. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும். மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பங்களில் சிலர் இது தங்களுக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சொந்த வீட்டுக்கு வாடகை கொடுத்தேன் என்று விலக்குக் கேட்க முடியாது. அதற்காக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பங்கை விட்டுவிடலாமா என்று யோசிக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் வரி மிச்சம் பிடிக்க லட்சக்கணக்கான சொத்தை விடுகிற யோசனை யாரிடமிருந்து வந்தாலும் அது கேட்கத் தக்கதல்ல.

மனைவிக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டுவது அதைவிட ஆபத்து. சில தீர்ப்பாயங்கள் அதை ஏற்றிருக்கின்றன, உண்மைதான். ஆனால் நீங்கள் இனாமாக மனைவி பேருக்கு மாற்றிக் கொடுத்த வீட்டுக்கு வரிச் சட்டம் உங்களையே உரிமையாளராகக் கருதும். செஞ்சியில் குடியிருந்துகொண்டு தீர்ப்பாயம் வரை போக உங்களுக்கு நேரமும் பணமும் இருக்கிறதா?

வீடு அப்பா பேரில்தான், அவர்தான் வரி கட்டுகிறார் என்றால், இனி காகிதம். ஊராட்சியிலோ செஞ்சி பேரூராட்சியிலோ அந்த ஆண்டுக்கான வீட்டு வரியை அப்பா பேரில் கட்டி ரசீதை வைத்திருங்கள். முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். எந்தப் பகுதி உங்களுக்கு, எவ்வளவு வாடகை, எந்தத் தேதியிலிருந்து என்று அதில் தெளிவாக இருக்கட்டும். ஓராண்டைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வாடகையை மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அப்பாவின் கணக்குக்கு அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், ரொக்கம் வேண்டாம். 2017இல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் தாய்க்கு வாடகை கொடுத்ததாகச் சொன்ன ஒரு பெண்ணின் கோரிக்கையைத் தள்ளியபோது முதலில் பார்த்தது இதைத்தான். வங்கியில் சுவடு இல்லை, ஒப்பந்தம் இல்லை, தாயும் அந்த வாடகையை வருமானமாகக் காட்டவில்லை. அந்தப் பெண்ணின் கணவரும் மகளும் பக்கத்திலேயே சொந்த வீட்டில் இருந்தார்கள் என்பதும் வெளியே வந்தது.

வங்கி வழியாக அனுப்பிவிட்டு, அப்பாவின் ஏடிஎம் அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்திருக்கும் மகன்களையும் பார்க்கிறோம். ஐந்தாம் தேதி அனுப்பிய பணம் ஏழாம் தேதி மகன் கைக்கே திரும்புகிறது. கேள்வி வரும்போது அப்பாவின் கணக்கு அறிக்கையைத்தான் கேட்பார்கள். கொடுத்த வாடகை அப்பாவுடையது. அவர் மளிகைக்குச் செலவழிக்கட்டும், மடத்துக்குக் காணிக்கை வைக்கட்டும், பேரனுக்கு வாங்கிக் கொடுக்கட்டும். நீங்கள் தொடாதீர்கள்.

ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அப்பாவுக்குப் பான் இல்லையென்றால் ஆதாரைக் கொண்டு வருமான வரித் துறை இணையதளத்திலேயே இலவசமாக இ-பான் வாங்கலாம். அதற்காகக் கணினி மையத்தில் முந்நூறு நானூறு கொடுப்பதை நிறுத்துங்கள். வாடகை அப்பாவின் வருமானம் என்பதையும் மறக்காதீர்கள். அவர் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மிச்சத்தில் முப்பது சதவீதத்தையும் கழித்த பிறகு உள்ளதைத்தான் வருமானமாகக் காட்ட வேண்டும். ஓய்வூதியமோ விவசாயமோ மட்டும் உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரி எதுவும் வராது. ஆனால் அவர் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால் அதில் அந்த வாடகை இருக்க வேண்டும். மகன் கொடுத்தேன் என்கிறார், தகப்பன் வாங்கியதாகக் காட்டவில்லை என்றால் கணினியே அதைப் பிடித்துவிடும்.

வேளச்சேரி விடுதியில் தங்கிக்கொண்டு ஊரில் அப்பா வீட்டுக்கு வாடகை எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வரி: நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் விலக்கு. விடுதிக்காரரிடம் ரசீது வாங்குங்கள், அது செல்லும்.

  

பொய் எழுதியாகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்கள்தான் அதிகம். 2025 ஜூலை 14 அன்று போலி விலக்குக் கோரிக்கைகள் தொடர்பாக நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. தமிழ்நாட்டிலும் நடந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கைகளை விலக்கிக்கொண்டதாகத் துறையே அறிவித்தது. அந்த வழி உங்களுக்கும் உண்டு. புதுப்பித்த கணக்கு, அதாவது ஐடிஆர்-யு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை தாக்கல் செய்யலாம். முதல் ஆண்டில் செய்தால் வரி, வட்டியின் மேல் கூடுதலாக 25 சதவீதம். தள்ளிப் போடப் போட 50, 60, 70 என்று ஏறும். துறை முந்திக்கொண்டு மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பினால் அதற்கு மேலும் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். தவறான தகவல் தந்ததாக முடிவானால் மறைத்த வரியில் 200 சதவீதம் அபராதம் போட முடியும். கணக்கும் அலுவலகப் படிவமும் பொருந்தவில்லை என்று 143(1)(ஏ) நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் இணையதளத்திலேயே பதில் போட வேண்டும். ஆதாரம் உண்மையாக இருந்தால் மறுத்துப் பதிவேற்றுங்கள். இல்லையென்றால் ஒப்புக்கொண்டு வரியைக் கட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உண்மையாகவே வாடகை கொடுத்தும் சம்பளம் பட்டுவாடா செய்யும் அலுவலர் விலக்குத் தரவில்லை என்றால் கவலை வேண்டாம்.  படிவம் 16இல் இல்லாவிட்டாலும் பழைய முறையில் உரிய தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யும்போது நீங்களே கேட்டுக்கொள்ளலாம். பிடித்த வரி திரும்ப வரும். பத்து சதவீதக் கமிஷனுக்கு நாற்பதாயிரம் ரீஃபண்டு வாங்கித் தருகிறேன் என்று பேருந்து நிலையத்துப் பக்கம் பலகை மாட்டியிருப்பவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் வரும் நாளில் அவர் கடையில் பூட்டுத்தான் தொங்கும். கணக்கில் கையெழுத்து உங்களுடையது. சந்தேகம் இருந்தால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் வருமான வரித் துறை உதவி மையத்தைக் கேளுங்கள்.