"சாக வரலை சார், தூங்க வந்தேன்!"

நள்ளிரவில் ரெயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கண்ணீர்க் கதை

(நமது நிருபர்)

வடசென்னையில் ஒரு ரெயில் நிலையம். கடைசி மின்சார ரெயிலும் போய்விட்டது. பிளாட்பாரத்தின் கோடியில், சிமெண்டு பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். வயது 50 இருக்கும். கையில் பை இல்லை. காலில் செருப்பும் இல்லை.

ரோந்து வந்த போலீசாருக்கு சந்தேகம். தண்டவாளத்தில் விழ வந்தவரோ?

"வீட்டிலே சண்டையாம்மா?"

"இல்லை சார்."

"பின்னே என்ன, சாகவா வந்தே?"

"சாக வரலை சார், தூங்க வந்தேன். ஒரு மணி நேரம் தூங்கிட்டுப் போயிடறேன்."

போலீசார் திகைத்துப் போனார்கள். பெண் ஏட்டு ஒருவர் அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கதவைத் திறந்ததும்தான் விஷயம் புரிந்தது. உள்ளே கட்டிலில் கணவர். பக்கவாதம் வந்து 3 வருடமாகப் படுத்த படுக்கை!

திருட்டு வழக்கு ஒன்றைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில் அந்த ஏட்டு இதை என்னிடம் சொன்னார். அந்த வழக்கை விட்டுவிட்டு இந்த அம்மாவைத் தேடிப் போனேன்.

விடிய விடிய விழிப்பு

"பேர் போடாதீங்க தம்பி, தெருவும் வேணாம்" என்றபடி பேச ஆரம்பித்தார்.

கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார். இந்த அம்மாதான் வாசலில் இட்லிக் கடை போட்டுக் குடும்பத்தை நடத்துகிறார்.

"4 மணிக்கு மாவு, அடுப்பு. அப்புறம் அவருக்குத் துடைச்சு விடணும், ஊட்டணும். ராத்திரி பூரா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. அவர் மேல தப்பில்லே, வலி. ஆனா எனக்கும் உடம்புதானே தம்பி? அன்னிக்கு அவரை அடிச்சிடுவேனோன்னு பயம் வந்துடுச்சு. அதான் வெளியே பூட்டிட்டு ஓடினேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"வர்ற சொந்தக்காரங்க எல்லாம் ஆப்பிள் வாங்கிட்டு வந்து 'அவர் எப்படி இருக்காரு'ன்னு கேப்பாங்க. 'நீ எப்படி இருக்கே'ன்னு கேட்டது அந்த ஏட்டம்மா ஒருத்தங்கதான்."

வீடு தேடி வந்த நர்ஸ்

கேட்டதோடு அந்த ஏட்டு நிற்கவில்லை. மறுநாளே 104 எண்ணுக்குப் போன் போட்டார். பக்கத்திலுள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போய்ச் சொன்னார்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டுவந்து தரும் திட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்சும், உடற்பயிற்சி சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவதும் இதே திட்டத்தில்தான். பணம் கிடையாது. 3 வருடமாக இந்த அம்மாவுக்கு இது தெரியாது!

வந்த நர்ஸ் முதலில் கணவரைப் பார்த்தார். பிறகு இவர் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். நோயாளியைவிட இவருக்குத்தான் அதிகம்! இப்போது இரண்டு பேருக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது.

நர்ஸ் சொல்லிக்கொடுத்தவை இவை: 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தோல் சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்டதும் உடனே படுக்க வைக்கக் கூடாது. தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்த்துக்கொள்பவரின் முதுகு போய்விடும்.

சட்டத்தில் உங்களுக்கும் இடம் உண்டு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்துக்கொள்பவர் 'பராமரிப்பாளர்'தான் என்கிறது அது. தாய், தகப்பன், குடும்பத்தார் எல்லோரும் அதில் அடக்கம்.

முதல் வேலை, அரசு டாக்டரிடம் ஊனச் சான்று வாங்கி, அடையாள அட்டைக்கு மனு கொடுப்பது. பாதிப்பு 75 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மாதம் ரூ.2 ஆயிரம் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரண கட்டண டவுன் பஸ்சில் அட்டைக்காரருக்கும், துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. 2021 முதல் இந்தச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

நோயாளி முதியவராக இருந்தால், கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். மனநோய் என்றால், டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ப்' அமைப்பு அண்ணா நகரில் உள்ளது. நோயாளியோடு குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

மருத்துவ ஆலோசனைக்கு 104. முதியோர் உதவிக்கு 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. மனசு தாங்கவில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, இரவு பகல் எந்த நேரமும். நோயாளிக்குத்தான் என்றில்லை, பார்த்துக்கொள்பவரும் பேசலாம். அவசரத்துக்கு 108.

ராத்திரிக்கு யார்?

கணவர் இப்போது தலையணைச் சாய்மானத்தில் அரை மணி நேரம் உட்காருகிறார். இடது கையால் தானே டம்ளரைப் பிடிக்கிறார். ஊனச் சான்றுக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய் வந்தாகிவிட்டது. உதவித்தொகை மனு நிலுவையில் இருக்கிறது.

"பகல்லே நர்ஸ் வர்றாங்க, நல்லது. ராத்திரிக்குத்தான் யாரும் இல்லே" என்கிறார் அந்த அம்மா.

அந்தக் குறையைத் தெருக்காரர்கள் கொஞ்சம் தீர்த்திருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாவும் மளிகைக் கடைக்காரர் மனைவியும் மதியம் 2 மணி முதல் 4 மணி வரை முறை போட்டு வந்து உட்காருகிறார்கள். இவர் பாயை விரித்துத் தூங்குகிறார். சனிக்கிழமை இரவில் எதிர்வீட்டுப் பையன் அங்கேயே படுத்துக்கொள்கிறான்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அடுத்த தடவை போகும்போது ஆப்பிள் வேண்டாம். "நீ போய்த் தூங்கும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று 2 மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.