தகரக் கொட்டகைக்கு இறவாணம்

நம் நாட்டுப் பழைய ஓட்டு வீடுகளையும் கூரை வீடுகளையும் கண்டவர்கள் ஒன்றை அறிவார்கள். அவற்றின் கூரை சுவரோடு நின்றுவிடுவதில்லை. சுவரைத் தாண்டி இரண்டடி, மூன்றடி வெளியே நீண்டு தாழ்ந்து நிற்கும். அதனை இறவாணம் என்பர். மண்சுவர் மழையில் கரையாமல் தலைமுறைகள் நின்றது அந்த இறவாணத்தின் காவலால்தான்.

இரும்புத் தூண்களும் தகடுகளும் வந்த பின்னர் நம் சங்கங்கள் பல, தறிக்கூடங்களையும் கிடங்குகளையும் அவற்றைக் கொண்டே அமைத்துக்கொண்டன. விரைவில் முடியும், செலவு குறையும் என்பன அதற்குக் காரணங்கள். அச்சிக்கனத்தில் முதலில் பலியானது இறவாணமே. தகடு சுவரின் விளிம்போடு வெட்டப்பட்டது. தகரம் மண்ணைப் போலக் கரையாதே, பின் இறவாணம் எதற்கு என்று எண்ணினோம். தகரம் கரையாது என்பது மெய். ஆனால் உள்ளே இருக்கும் நூலும் மஞ்சளும் நனையும் என்பதை மறந்தோம்.

இறவாணமில்லாத கொட்டகை ஒன்றை மழை நாளில் சென்று பார்ப்போம். 40 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், கூரையின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 370 லிட்டர் நீர் வழிகிறது. அவ்வளவும் சுவரின் காலடியிலேயே விழுகிறது. விழுந்த நீர் சேற்றோடு தெறித்துச் சுவர்த் தகட்டின் அடிப்பகுதியைத் துருவேற்றுகிறது. தரைக்கு அடியில் ஊறித் தறிக்குழிக்குள் கசிகிறது. சுவரோரம் அடுக்கிய நூல் சிப்பங்களின் அடிவரிசையை ஈரமாக்குகிறது. சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களை எல்லாம் அடைத்துவிடுவதால், நெசவாளர் பகலிலேயே விளக்கேற்றிக் காற்றோட்டமின்றித் தறியில் அமர்கின்றனர். கோடையிலோ சுவர்த் தகடு காய்ந்து உள்ளே அனல் பரவுகிறது. பாவின் ஈரப்பதம் குறைந்து இழை அறுகிறது. இழை அறுந்தால் வேலை நிற்கும். வேலை நின்றால் கூலி குறையும்.

இவற்றுக்கு இறவாணம் எவ்வளவு பயன் தரும் என்பதைக் கணக்கிட்டே அறியலாம். ஈரோட்டுப் பகுதி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகைக்குச் சற்று மேல் உள்ளது. அங்கே இரண்டடி இறவாணம், டிசம்பர் மாத நண்பகலில் தென்சுவரில் ஏறத்தாழ மூன்றடி உயரத்திற்கு நிழல் தரும். ஜூன் மாதத்தில் சூரியன் வடபுறம் சாய்ந்திருக்கும். அப்போது வடசுவரில் ஒன்பது அடிக்கு நிழல் விழும். காற்றோடு சேர்ந்து மழை பாதிச் சாய்வாக, அதாவது 45 பாகையில் அடித்தால், இரண்டடி இறவாணம் சுவரின் மேற்பகுதியில் இரண்டடியைக் காக்கும். சன்னலை உயர்த்தி வைத்திருந்தால் சாதாரண மழையில் அதனைத் திறந்தே வைக்கலாம். கூரை நீரும் சுவரை விட்டு இரண்டடி தள்ளி விழும்.

அதனால் இயலாததையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை மாத மாலை நான்கு மணி வெயிலில், மேற்குச் சுவரில் இதே இறவாணம் ஓரடிக்குச் சற்று மேலாகவே நிழல் தரும். மேலை வெயிலுக்கு மரமும் தட்டியுமே மருந்து. கூரைத் தகட்டின் வழியே இறங்கும் வெப்பத்தையும் இறவாணம் தடுக்காது.

இவ்வளவு நன்மை உண்டெனில், நாளையே நாலு தகட்டை வாங்கிக் கூரை விளிம்பில் திருகி நீட்டிவிடலாமே என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நாம் அஞ்சுவது அதனைத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. இறவாணத்தைக் காற்று இருபுறமும் தாக்குகிறது. சுவரில் மோதிய காற்று மேலே திரும்பி அதன் அடிப்புறத்தைத் தள்ளுகிறது. கூரைக்கு மேலே செல்லும் காற்று அதனை மேல்நோக்கி இழுக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ. நாம் சொன்ன கொட்டகையின் ஒரு பக்கத்து இரண்டடி இறவாணத்தை அடியிலிருந்து தள்ளும் விசை மட்டுமே 500 கிலோ அளவு ஆகிறது. மேலிருந்து இழுப்பது தனி. அந்த இறவாணத் தகட்டின் எடையோ 40 கிலோவைத் தாண்டாது. ஆதலால் இறவாணம் கீழே விழுந்துவிடுமோ என்பதைவிட, மேலே பறந்துவிடுமோ என்பதே பெரிய கவலை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயல், எத்தனையோ கூரைகளைப் பிய்த்தெறிந்ததை நாம் மறப்பதற்கில்லை.

தகட்டின் விளிம்பில் தகட்டை ஒட்டி நீட்டினால், காற்று முதலில் அதனைத் தூக்கும். அது தன்னோடு முதற்கூரையையும் உரித்துக்கொண்டு போகும். நூலைக் காக்க வைத்த இறவாணமே கிடங்கைத் திறந்துவிடும். எனவே நாம் வற்புறுத்துவது ஒன்றே: இறவாணத்தைத் தாங்க வேண்டியது தூணும் சட்டமுமே அன்றித் தகடு அன்று.

நீர் வழியும் நீளப் பக்கங்களுக்குத் தனிச் சாய்ப்பு அமைப்பதே தக்கது. ஒவ்வொரு தூணிலும் ஆங்கிள் இரும்பினால் முக்கோணத் தாங்கி ஒன்றைப் போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும். அவற்றின் மீது நீளச் சட்டங்களைப் போட்டு, முதற்கூரையின் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே சாய்ப்புத் தகட்டைத் தொடங்கலாம். சுவரோடு சேரும் இடத்தில் மடித்த தகடு வைத்து நீர் புகாமல் மூடுக. இம்முறையில் சாய்ப்புக்குச் சேதம் நேர்ந்தாலும் முதற்கூரை பிழைக்கும். சிலர் சாய்ப்பை மேலிருந்து கம்பியால் கட்டித் தொங்கவிடுகின்றனர். கம்பி பாரத்தைத் தாங்கும். காற்று கீழிருந்து தூக்கும்போதோ வளைந்து கொடுத்துவிடும். இழுப்பையும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்கவல்லது ஆங்கிளே.

முகட்டுப் பக்கத்து இரு முனைகளிலும் முறை வேறு. அங்கே கூரைத் தகட்டைத் தாங்கும் நீளச் சட்டங்களையே வெளியே நீட்ட வேண்டும். அதே அளவுள்ள சட்டத் துண்டை, வெளியே இரண்டடி நீளுமானால் உள்ளே நான்கடியேனும் பழைய சட்டத்தோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். நீண்ட சட்டங்களின் மீது தகட்டைப் பரப்பி, விளிம்புகளிலும் மூலைகளிலும் திருகுகளை நெருக்கமாகப் போடுக. காற்றின் இழுப்பு மிகுவது அவ்விடங்களிலேதான்.

சிறு செய்திகள் சிலவற்றையும் கவனிக்க வேண்டும். நெளிதகட்டில் துளையிடுவது மேட்டில் இருக்கட்டும். பள்ளத்தில் இட்டால் நீர் ஒழுகும். ரப்பர் வாஷர் இல்லாத திருகு வேண்டாம். பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடுமாகையால், அங்கே துத்தநாக வண்ணம் பூசுதல் வேண்டும். நீர் விழும் கோட்டில் சிறு வாய்க்கால் வெட்டி அப்பால் போக்குக. நம் கூரை நீர் அண்டை நிலத்தில் விழுந்து வழக்கு எழாதபடி எல்லையையும் அளந்துகொள்க.

இவையனைத்திற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது, தூண்களின் அடியைச் சுரண்டிப் பார்ப்பது. துருப்பிடித்த காலின் மேல் புதுப்பாரம் ஏற்றலாகாது. அடித்தளமும் தூணும் இவ்விசையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண்செலவு அன்று.

பொதுப்பேரவையில் இது பேச்சுக்கு வரும்போது இரண்டு மதிப்பீடுகள் முன்னே வைக்கப்படலாம்: தகட்டோடு ஒட்டுவது ஒன்று, தூணில் பிணைப்பது மற்றொன்று. முன்னது மலிவாகத் தோன்றும். இரும்பின் விலையும் கூலியும் பின்னதில் கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டிற்கும் பணம் போதாத சங்கம், சாரல் மிகுதியாக அடிக்கும் ஒரு பக்கத்தை மட்டும் இவ்வாண்டு சரியாகச் செய்துகொண்டு மறுபக்கத்தை அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம். நான்கு பக்கமும் அரைகுறையாகச் செய்வதினும் அது மேல்.

வேலையைச் சித்திரையில் தொடங்கி ஆனிக்குள் முடித்தால், ஆடிக் காற்றில் அதன் உறுதியைக் கண்டுகொள்ளலாம். தளர்ந்த திருகுகளை முடுக்கிவிட்டு ஐப்பசி மழையை எதிர்கொள்ளலாம். கிடங்கில் இருப்பது எவரோ ஒருவருடைய சரக்கன்று. ஒவ்வோர் அங்கத்தினரின் பங்கும் உழைப்பும் அங்கே சிப்பமாகவும் மூட்டையாகவும் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் மேல் நீளும் இரண்டடி நிழலை உறுதியாக அமைத்துக்கொள்வது நம் அனைவரின் கடமையாகும்.